முதுமையில் நினைவாற்றல் காக்க எளிய உடற்பயிற்சிகள்

ஒரு நிலத்தின் வரலாறு பட்டாவிலும் அடங்கலிலும் மட்டும் இருப்பதில்லை. எந்த மூலையில் களர் தட்டும், எந்தக் கிணற்றில் கோடையிலும் ஊற்று நிற்காது, எந்த ஆண்டு எந்தப் பட்டத்தில் விதைத்தது பொய்த்தது என்பதெல்லாம் அந்த நிலத்தை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழுத பெரியவரின் மனத்தில் இருக்கிறது. மண் பரிசோதனை அட்டை சொல்லாத பல செய்திகளை அவர் சொல்வார். அவருடைய நினைவு மங்கும்போது குடும்பம் ஒரு பெரியவரின் துணையை இழப்பதோடு, நிலத்தைப் பற்றிய ஓர் ஏட்டையும் இழக்கிறது.

இழப்பு அதோடு நிற்பதில்லை. நேற்று யூரியா இட்ட பாத்திக்கே இன்று மீண்டும் இடுவது, மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து கிணறு வற்றிய பிறகும் ஓடவிடுவது, பூச்சிமருந்தை இரண்டு முறை கலப்பது, இரத்த அழுத்த மாத்திரையை ஒரே வேளையில் இருமுறை விழுங்குவது ஆகியவை மறதியால் நேரக்கூடியவை. இவற்றில் சில பணத்தைக் கெடுக்கும். சில உயிருக்கே ஊறு செய்யும்.

பயிர் வளர்ப்பு பற்றிய இதழில் உடற்பயிற்சி எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். இன்று பல கிராமங்களில் இளைஞர் வெளியூர் வேலைக்குச் சென்றுவிட, நிலத்தைப் பார்ப்பவர்கள் அறுபதைத் தாண்டியவர்களே. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பொட்டிப்புரத்திலும், அதைச் சுற்றியுள்ள தேவாரம், போடி, சின்னமனூர் வட்டாரச் சிற்றூர்களிலும் இந்த நிலை உண்டு. உழவரின் உடலும் அறிவும் பண்ணையின் முதலீடே. டிராக்டருக்கு எண்ணெய் மாற்றுகிறோம். அதை ஓட்டும் மனிதரையும் பேண வேண்டும்.

மறதி எல்லாம் நோயா?

வயது ஏற ஏற நினைவு சற்று மெதுவாக வேலை செய்வது இயற்கை. தெரிந்தவர் பெயர் நாவில் வராமல் நின்று, சிறிது நேரம் கழித்து வரும். மண்வெட்டியை எங்கே வைத்தோம் என்று தேட நேரும். இவை நோய் ஆகா.

மண்வெட்டி எதற்குப் பயன்படுவது என்பதே தெரியாமல் போவது, பலகாலம் நடந்த தோட்டப் பாதையில் திசை தடுமாறுவது, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்பது, கூலிக் கணக்கைப் பார்த்தவருக்குப் பத்து ரூபாய்க் கணக்கே குழம்புவது ஆகியவை வேறு வகை. இப்படி அன்றாட வேலையையே தடுக்கும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் குறைவதை மருத்துவர்கள் டிமென்ஷியா என்கின்றனர். இதைத் தமிழில் மறதி நோய் எனலாம். இதில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் இதை முதன்முதலில் விவரித்ததால் அப்பெயர் பெற்றது. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது இன்னொரு வகை.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக நாடு தழுவிய ஓர் ஆய்வு கணித்துள்ளது. முதியோர் பற்றிய தேசிய ஆய்வின் ஒரு பகுதியாக நடந்து, 2023-இல் வெளியான கணக்கு இது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது மிகுதி என்று அந்த ஆய்வு காட்டுகிறது. ஆகவே இதை நகரத்தாரின் நோய் என்று ஒதுக்குவதற்கில்லை.

காலுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

மூளையின் எடை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதமே. எனினும் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. மடைக்குப் பக்கத்தில் உள்ள வயலுக்கு முதல் நீர் போவதுபோல் மூளைக்கு இரத்தம் இடைவிடாது போயாக வேண்டும். வாய்க்காலில் தூர் சேர்ந்தால் கடைமடை காய்கிறது. இரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகினால் மூளையின் கடைக்கோடிப் பகுதிகள் வாடுகின்றன.

விரைந்து நடக்கும்போது இதயம் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. நாள்தோறும் இப்படிச் செய்து வந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வர உதவி கிடைக்கிறது. குழாய்களின் நலம் காக்கப்படுகிறது. நரம்பு அணுக்கள் வளரவும் ஒன்றோடொன்று இணையவும் துணை செய்யும் ஒருவகைப் புரதம் உடற்பயிற்சியால் கூடுதலாகச் சுரக்கிறது என்பதையும் அறிஞர்கள் கண்டுள்ளனர். இரவில் நல்ல தூக்கம் வருகிறது. மனச் சோர்வு குறைகிறது. தூக்கமும் உற்சாகமும் இல்லாத மனத்தில் எதுவும் பதியாது என்பது அனைவரும் அறிந்ததே.

ஆய்வுகள் கூறுவது என்ன?

மூளையின் உட்பகுதியில் கடற்குதிரை வடிவில் ஒரு சிறு உறுப்பு உண்டு. புதிய செய்திகளை நினைவில் சேர்ப்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. முதுமையில் இது ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரம் 3 நாள் 40 நிமிடம் வரை நடந்தனர். மற்றப் பிரிவினர் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தனர். ஓராண்டுக்குப் பின் நடந்தவர்களிடம் அவ்வுறுப்பு சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களிடம் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. 2011-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் கவனிக்கப்பட்டது. ஆனால் நினைவுத் தேர்வில் இரு பிரிவினருமே முன்னேறினர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரைக் கொண்டு இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்கள், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிடச் சிந்தனைத் தேர்வுகளில் மேம்பட்டிருந்தனர். நம் நாட்டில் பெங்களூரில் முதியோர் இல்லங்களில் தங்கியிருந்தோருக்கு ஆறு மாதம் யோகப் பயிற்சி அளித்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. அதிலும் பயிற்சி பெற்றோரின் நினைவுத் திறன் மேம்பட்டதாகக் காணப்பட்டது.

எல்லா ஆய்வும் ஒரே முடிவைத் தரவில்லை. 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரைக் கொண்டு அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வொன்றில், பயிற்சி செய்தவர்களுக்கும் நலக்கல்வி மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே நினைவில் வேறுபாடு தென்படவில்லை. இதுவும் 2015-இல் வெளியானதே. ஒரே இரகம் ஓரிடத்தில் விளைந்து மற்றோரிடத்தில் விளையாமல் போவதை நாம் அறிவோம். ஆகவே உடற்பயிற்சியை மறதிக்கு மருந்து என்று எவரேனும் விற்றால் நம்ப வேண்டாம். வந்துவிட்ட நோயை அது விரட்டாது; வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும். கால் வலு, சமநிலை, தூக்கம், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு அது தரும் நன்மை உறுதியானது. நினைவுக்கான நன்மை அதன் மேல் கிடைக்கும் ஊடுபயிர் போன்றது.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்கு இடந்தரும் 14 காரணங்களைப் பட்டியலிட்டுள்ளது. கல்விக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, கெட்ட கொழுப்பு, மனச் சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், மிகு பருமன், அளவு மீறிய குடி, தனிமை, காற்று மாசு ஆகியவை அவை. இவை அனைத்தையும் நீக்க முடிந்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இப்பட்டியலில் பலவற்றை உடற்பயிற்சி ஒன்றே தொட்டுவிடுகிறது.

காட்டு வேலை போதாதா?

“பொழுது விடிஞ்சா காட்டுலதான் குனிஞ்சு நிமிர்றோம். இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?” என்பது நம் உழவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். நாள் முழுதும் நடந்து, வெட்டி, சுமந்து பாடுபடுபவருக்குப் பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வேலை மாறிவிட்டது. ஏற்றமும் கவலையும் இறைத்த காலம் போய்ப் பொத்தானை அழுத்தினால் நீர் வருகிறது. சொட்டுநீர்க் குழாய் வந்த தோட்டத்தில் மடை மாற்ற நடக்கும் நடையும் குறைந்தது. தோட்டத்துக்குப் போவதே இரு சக்கர வண்டியில்தான். இவை வேண்டிய வசதிகளே. அவற்றால் குறைந்த நடையை வேறு வழியில் ஈடு செய்தால் போதும்.

இரண்டாவது, வேலை ஒருபக்கமானது. களை எடுப்பவர் குனிந்தே இருக்கிறார். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறிச் செல்லும் பெண்களுக்கு இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன. இதில் சமநிலைக்கோ, வேகமாக மூச்சு வாங்கும் நடைக்கோ இடம் குறைவு.

மூன்றாவது, வேலை திடீரென்று நிற்கிறது. மகனிடம் நிலத்தை ஒப்படைத்த பெரியவர் அன்று முதல் திண்ணையில் அமர்கிறார். நாற்பது ஆண்டு ஓடிய கால் ஒரே மாதத்தில் ஓய்கிறது. பேச்சுத் துணையும் அதோடு குறைகிறது. ஓய்வு வேண்டும், ஆனால் படிப்படியாக வேண்டும். முற்றிலும் நிற்றல் கூடாது.

தொடங்கும் முன்

இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத இரத்த அழுத்தம், நீரிழிவு, கடுமையான முழங்கால் வலி, அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைக் கேட்டபின் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சுவலி, மூச்சு முட்டல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி உட்கார வேண்டும். குறையாவிட்டால் 108-க்குத் தொலைபேசியில் தகவல் தர வேண்டும்.

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடக்கலாகாது. சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ வெல்லமோ வைத்திருப்பது நலம். அவர்கள் வெறுங்காலோடு நடப்பதும் கூடாது. கோடையில் காலை 7 மணிக்கு முன்பும் மாலை வெயில் தாழ்ந்த பின்பும் நடப்பதே தக்கது.

பயிற்சி 1: விரைவு நடை

எந்த வேகம் என்பதை அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

எவ்வளவு தொலைவு என்பதை உழவர் கணக்கிலேயே சொல்லலாம். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தைச் சுற்றி வந்தால் ஏறத்தாழ 254 மீட்டர் ஆகும். நான்கு சுற்று ஒரு கிலோமீட்டர். முதல் இரு வாரம் நாளொன்றுக்கு 10 நிமிடம் நடந்தால் போதும். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக் கொண்டு 30 நிமிடத்தை எட்ட வேண்டும். 30 நிமிடத்தில் எட்டு முதல் பத்துச் சுற்று வரும். வரப்பின் மேல் நடக்க வேண்டாம். வண்டிப் பாதை போன்ற சமமான தரையே ஏற்றது.

பயிற்சி 2: உட்கார்ந்து எழுதல்

கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடவும். நடுவில் அமர்ந்து, இரு கைகளையும் மார்பின் குறுக்கே மடித்து, கையை ஊன்றாமல் எழுந்து நேராக நிற்கவும். பின் மெதுவாக அமரவும். முதலில் 5 முறை, சற்று ஓய்வு, மீண்டும் 5 முறை. பழகியபின் பத்துப் பத்தாக்கலாம். கையூன்றாமல் எழ இயலாதவர் ஊன்றியே தொடங்கலாம்.

இது தொடைக்கு வலு தருவதோடு ஓர் அளவுகோலாகவும் பயன்படும். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று வீட்டில் ஒருவர் கடிகாரம் பார்த்து எண்ணட்டும். கீழ்க்கண்ட எண்ணிக்கைக்குக் குறைந்தால் கால் வலு சராசரிக்குக் கீழே உள்ளது. விழும் வாய்ப்பு அதிகம் என்று கொள்ளலாம்.

60 முதல் 64 வயது: ஆண் 14, பெண் 12
65 முதல் 69 வயது: ஆண் 12, பெண் 11
70 முதல் 74 வயது: ஆண் 12, பெண் 10
75 முதல் 79 வயது: ஆண் 11, பெண் 10

குறைந்திருந்தால் வருந்த வேண்டியதில்லை. சென்ற மாதம் 7, இந்த மாதம் 9 என்றால் அதுவே நல்ல மகசூல்.

பயிற்சி 3: குதிகால் உயர்த்தல்

சுவரையோ கட்டில் காலையோ பிடித்துக்கொண்டு நிற்கவும். இரு குதிகால்களையும் உயர்த்தி விரல் நுனியில் நின்று, மூன்று எண்ணும் வரை இருந்து, மெதுவாக இறங்கவும். 10 முறை செய்யவும். கெண்டைக்கால் சுருங்கும்போது காலில் தேங்கிய இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு இது மிக ஏற்றது.

பயிற்சி 4: கோட்டு நடை

களத்தில் சுண்ணாம்பாலோ கரியாலோ பத்தடி நீளக் கோடு இழுக்கவும். ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல் நுனியைத் தொடுமாறு அடி மேல் அடி வைத்துக் கோட்டின் மேல் நடக்கவும். பக்கத்தில் சுவர் இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருவர் உடன் நிற்க வேண்டும். போய்த் திரும்புவது ஒரு முறை; ஐந்து முறை போதும். இது சமநிலையை வளர்க்கும். விழுந்து தலையில் அடிபடுவதும் நினைவைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்று. ஆகவே விழாமல் இருப்பதும் நினைவுக் காப்பே.

பயிற்சி 5: எடை தூக்கல்

ஒரு லிட்டர் நீர் நிரப்பிய புட்டி ஒரு கிலோ எடை. இரு கைகளிலும் ஒவ்வொன்று பிடித்து, முழங்கையை மடக்கித் தோள் வரை தூக்கி இறக்கவும். 10 முறை, ஓய்வு, மீண்டும் 10 முறை. தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடவும். அரை லிட்டரில் தொடங்குவோரும் உண்டு, தவறில்லை.

பயிற்சி 6: காலும் கணக்கும்

நினைவுக்கென்றே உள்ள பயிற்சி இது. நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி உயர்த்தி, வலக் கையால் இட முழங்காலையும், இடக் கையால் வல முழங்காலையும் தொடவும். தாளம் பிடிபட்டதும் வாயால் ஒரு வேலை சேர்க்கவும். தமிழ் மாதங்களைப் பங்குனியில் தொடங்கிச் சித்திரை வரை பின்னோக்கிச் சொல்லலாம். நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே வரலாம். அசுவினி முதல் ரேவதி வரை 27 நட்சத்திரங்களையும் வரிசையாகச் சொல்லலாம். சென்ற ஐந்து ஆண்டுகளில் தெற்குக் காட்டில் என்னென்ன பயிர் இட்டோம் என்று கூறலாம்.

உடலும் மனமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது கவனம் கூர்மையடைகிறது. கால் தடுமாறினால் பேச்சை நிறுத்திக் காலைக் கவனிக்கவும். இரண்டு முதல் ஐந்து நிமிடம் போதும்.

நம் ஊர்க் கும்மியும் கோலாட்டமும் ஒயிலாட்டமும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அடவை நினைவில் வைக்க வேண்டும், பாட்டைப் பிடிக்க வேண்டும், அடுத்தவர் காலைப் பார்க்க வேண்டும். திருவிழாவில் மட்டும் ஆடியதை வாரம் ஒரு மாலை கோயில் முன்றிலில் பெரியவர்கள் மெதுவாக ஆடினால் பயிற்சியும் ஆயிற்று, துணையும் ஆயிற்று.

வார அட்டவணை

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும். வாரம் 2 நாளேனும் தசைக்கு வலு தரும் பயிற்சியும், 3 நாளேனும் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். இதை நம் வசதிக்கேற்பக் கீழ்க்கண்டவாறு பிரிக்கலாம்.

திங்கள் முதல் வெள்ளி வரை: விரைவு நடை 30 நிமிடம்.
திங்கள், வியாழன்: நடையோடு உட்கார்ந்து எழுதல், எடை தூக்கல்.
செவ்வாய், புதன், வெள்ளி: நடையோடு குதிகால் உயர்த்தல், கோட்டு நடை.
நாள்தோறும்: காலும் கணக்கும் சில நிமிடம்.
சனி: கும்மி, கோலாட்டம் போன்ற கூட்டுப் பயிற்சி.
ஞாயிறு: ஓய்வு.

நடவு, அறுவடை போன்ற கடும் வேலை நாட்களில் நடையை விட்டுவிடலாம். கோட்டு நடையை மட்டும் விட வேண்டாம். 30 நிமிடம் ஒரே மூச்சில் இயலாதவர் காலை 10, நண்பகலுக்கு முன் 10, மாலை 10 என்று பிரித்தும் நடக்கலாம்.

உடன் கவனிக்க வேண்டியவை

பூச்சிமருந்து: ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்பு மண்டலத்தையே தாக்குபவை. பூச்சியைக் கொல்வதும் அப்படித்தான். நிகரகுவா நாட்டில் இவ்வகை மருந்தால் நச்சுக்கு உள்ளான பண்ணைத் தொழிலாளர் 36 பேரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, நினைவு, கவனம் முதலிய தேர்வுகளில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர். இது 1991-இல் வெளியான ஆய்வு. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் தெளிக்க வேண்டாம். காற்றுக்கு எதிராகத் தெளிக்க வேண்டாம். மறதி தொடங்கிய பெரியவரிடம் மருந்து அளக்கும் வேலையையும் தெளிப்பானையும் கொடுக்கவே கூடாது. மருந்துப் பெட்டியைப் பூட்டி வைக்க வேண்டும்.

காதும் கண்ணும்: காது மந்தமானவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார்; ஒதுங்கியவரின் மனம் வேலையற்றுப் போகிறது. கேட்கும் கருவியும் கண்புரை அறுவையும் நினைவுக்கும் உதவும்.

புகையும் குடியும்: பீடியும் மதுவும் இரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கின்றன. இவற்றை விடாமல் பயிற்சி மட்டும் செய்வது, களை எடுக்காமல் உரம் மட்டும் இடுவதை ஒக்கும்.

குறிப்பேடு: வரவு செலவு, உரமிட்ட நாள், மருந்து தெளித்த நாள், நீர் பாய்ச்சிய பாத்தி, நடந்த சுற்று ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதவும். எழுதத் தெரியாதவருக்குப் பேரக் குழந்தைகள் எழுதித் தரட்டும். பெரியவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினால், நிலத்தின் வரலாறும் ஏட்டில் ஏறிவிடும்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

வயதாகிவிட்டது என்று சொல்லி மறதியை அப்படியே விட்டுவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். இது தீங்கானது. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச் சோர்வு, சில மாத்திரைகளின் பக்க விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவை மருத்துவத்தால் சீராகக் கூடியவை. எளிய இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கக் கூடியதைக் கண்டுபிடிக்காமல் பெரியவரை மூலையில் உட்கார்த்துவது அநியாயம்.

நேற்று வரை தெளிவாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பிப் பேசினால் அது முதுமை மறதி அன்று. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை மிகத் தாழ்தல், உப்புச் சத்துக் குறைதல், பக்கவாதம் ஆகிய ஏதேனும் காரணமாகலாம். கீழே விழுந்து தலையில் அடிபட்டுச் சில நாட்களோ வாரங்களோ கழித்துக் குழப்பம் வந்தால் தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கக் கூடும். வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், நாக்குக் குழறுதல் தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நம் பகுதியில் போடி, உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகளும், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் வீட்டிலேயே தரப்படுகின்றன. நடமாட இயலாதோருக்கு இயன்முறை மருத்துவமும் உண்டு. வீட்டுக்கு வரும் பணியாளரிடம் பெரியவரின் மறதியைப் பற்றியும் சொல்லுங்கள். முதியோருக்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 14567.

வீட்டாருக்கு ஒரு சொல்

பயிற்சியைப் பெரியவர் தனியாகச் செய்தால் ஒரு மாதத்தில் விட்டுவிடுவார். துணையோடு செய்தால் நிலைக்கும். மருமகள் மாடு பிடிக்கப் போகும்போது மாமியாரும் உடன் நடக்கலாம். பள்ளிக்குப் போகும் பேரனைத் தாத்தா நடந்து கொண்டுபோய் விடலாம். நான்கைந்து பெரியவர்கள் சேர்ந்து காலை நடைக்குப் புறப்பட்டால் ஊர்ச் செய்தியும் பேசலாம், மழைக் கணக்கும் பார்க்கலாம்.

மறந்ததைச் சுட்டிக் காட்டிச் சிரிக்க வேண்டாம். “இப்பத்தானே சொன்னேன்” என்று அதட்ட வேண்டாம். மறந்தவருக்கே அது வெட்கம். அதட்டினால் அவர் பேசுவதையே நிறுத்திவிடுவார். நிலத்தைப் பிள்ளைகள் ஏற்றபின்னும் விதை பொறுக்குதல், நாற்றங்கால் பார்த்தல், கணக்குக் கேட்டல் போன்ற ஒரு பொறுப்பை அவரிடமே விட்டுவையுங்கள். எந்தப் பட்டத்தில் எதை விதைக்கலாம் என்று அவரைக் கேளுங்கள். கேட்கப்படும் மனம் நினைவில் வைக்க முயலும்.

இப்பயிற்சிகளுக்குச் செலவு ஏதுமில்லை. ஒரு நாற்காலி, இரண்டு தண்ணீர்ப் புட்டி, களத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு, நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம், இவ்வளவே வேண்டும். ஆறு மாதம் விடாமல் செய்து, முதல் நாள் எழுதிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐம்பது வயதில் உள்ளவர்கள் அறுபது வரை காத்திராமல் இன்றே தொடங்குவது இன்னும் சிறப்பு. தென்னங்கன்றுக்குத் தொடக்கத்தில் ஊற்றிய நீர் பல ஆண்டு கழித்தே காயாகிறது. உழவர் குடும்பங்கள் இவற்றைக் கடைப்பிடித்துப் பயன் பெற வேண்டுகிறோம்.